நாற்பத்து மூன்றில் ஒன்று

ஈஸ்ற்ஹாம், லண்டன்
12.01.1993

தம்பி தில்லைநாதனுக்கு,

நானும் உமது அக்கா பத்மாசினியும் சுகம். குளிர் மட்டும் அதிகம். நீர், குணலட்சுமி, மகள் பாலேஸ்வரி எல்லோரும் எப்படி என்று அக்கா கேட்கிறா. நானும் கேட்டதாக வைத்துக்கொள்ளும்.

விஷயத்துக்கு வருகிறேன். பெற்றோல் அடிக்கும் செற்றில் இரவு வேலை என்பதால் எனக்குப் பகலில் நித்திரை வருவதில்லை. சென்ற மாதம் ஞாயிற்றுச் சந்தையில் பழைய பொம்மைக் கார் ஒன்று வாங்கினேன். உலோகத்தில் வார்த்தது. அளவு நாற்பத்து மூன்றில் ஒன்று. அதாவது உண்மையான காரில் நாற்பத்து மூன்று அங்குலம் இருப்பது இதில் ஓர் அங்குலம். 1953ஆம் வருட ஒஸ்ரின் ஏ ஃபோட்டி. எங்களுடைய கார்தான். பெயின்ற் உரிந்து, ஒரு சில்லு இல்லாமல் கிடந்தது.

இங்கே இதற்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. வயதுபோன வெள்ளைக்காரர் சிலர் கிழமைக்கொரு நாள் தேவாலய மண்டபத்தில் கூடி, பொம்மைக் காரின் பெயின்றைச் சுரண்டிவிட்டு, உண்மையான ஒரு காரைப் பார்த்து அதேபோல் தீட்டுகிறார்கள். அடுத்த வருடம் சித்திரையில் கண்காட்சி. விதி ஒன்றுதான். மாதிரி, உலகத்தில் எங்கோ நிற்கும் ஒரு குறிப்பிட்ட காரைப் போலவே இருக்கவேண்டும். அந்தக் காரின் படத்தைப் பக்கத்தில் வைக்கவேண்டும்.

1984இல் புறப்பட்டபோது உம்மிடம் விட்டுவந்த எங்கள் ஈ.எல். 4173ஐத்தான் நான் செய்யப்போகிறேன். ஆகவே எனக்கு விவரம் தேவை. பச்சை எந்தப் பச்சை? முன் கிராதியில் எத்தனை கம்பி? சீற்றின் நிறம்? எங்கெங்கே நெளிவு?

கார் நான் விட்டபடியே இருக்கும் என்று நம்புகிறேன். சுன்னாகத்தில் என் ஒன்றுவிட்ட தம்பி முருகேசு கதவும் பூட்டும் போட்டுக் கார்க்கொட்டில் கட்டியிருப்பதாக எழுதியிருக்கிறார். உம்மால் பராமரிக்க ஏலாவிட்டால் காரின் திறப்பை அவரிடம் கொடும். சண்டை முடியும்வரை பத்திரமாகப் பூட்டி வைத்திருப்பார்.

அத்தான்,
இராசநாயகம்


வட்டுக்கோட்டை
04.03.1993

அன்புள்ள அத்தானுக்கு, தில்லைநாதன் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். இந்த நாளில் அதைத்தான் சுகம் என்று எழுதுகிறோம். எனக்கு ஐம்பதுக்கு இரண்டு வயது குறைவு. தலைமயிர் அதைவிடக் குறைவு. சங்கக்கடையில் நான்தான் இன்னும் மனேச்சர். விற்பதற்கு ஒன்றும் வராதபடியால் கணக்குப் பிழைப்பதற்கு வழியே இல்லை. என் உத்தியோக வாழ்க்கையில் இவ்வளவு நேர்மையாக நான் இருந்ததில்லை.

உங்கள் கடிதம் கொழும்பில் ஒரு மாதம் இளைப்பாறி, கிளாலிக் கடலைப் படகில் தாண்டி, உப்புத் தண்ணீர் குடித்து வந்து சேர்ந்தது. மை கரைந்த இடங்களை எனக்கு வசதியானபடி வாசித்துக்கொண்டேன்.

நீங்கள் பெற்றோல் செற்றில் வேலை என்று இங்கே ஒருவருக்கும் நான் சொல்வதில்லை. கேட்டால் அழுவார்கள். அக்காவிடம் ஒரு வேண்டுகோள்: அத்தானின் வேலைச் சட்டையைத் தோய்க்காமல் அப்படியே பார்சலில் அனுப்பவும். பிழிந்தெடுத்தால் ஒரு மாதத்துக்குப் போதும். பெற்றோல் இங்கே தடை செய்த பொருள், எங்களிடம் கண்ணுக்கு மருந்து விடும் சின்னப் போத்தலில்தான் இருக்கிறது. காபரேற்றரில் நாலு துளி விட்டு, முன்னால் கம்பி போட்டுச் சுழற்றினால் இஞ்சின் இருமிக்கொண்டு எழும்பும். உடனே மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். கிழமைக்கொருமுறை இப்படி எழுப்பி வைக்கிறேன், பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க.

நிறத்தைப் பற்றி வீட்டில் மாநாடு வைத்தோம். நான் பச்சை என்றேன். குணலட்சுமி சாம்பல் என்றாள். பாலேஸ்வரி நீலம் கலந்தது என்றாள். கடைசியில் கனிசியஸ் பாஸைக் கேட்டோம். குருநகரில் காருக்கும் படகுக்கும் தகரம் அடித்துக்கொண்டிருந்தவர். இடம்பெயர்ந்து வந்து, மனைவி மக்டலீனோடு எங்கள் வளவில் இருக்கிறார். அவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "மாஸ்ரர், உது துரு" என்றார். மனேச்சரான என்னை அவர் மாஸ்ரர் என்றுதான் கூப்பிடுவார். ஆகவே நிறத்தையே கடிதத்தோடு வைத்து அனுப்புகிறேன். நீங்களே பாருங்கள்.

முன் கிராதியின் கம்பிகள் எல்லாம் இருக்கின்றன, எண்ணி அடுத்த பக்கத்தில் கீறியிருக்கிறேன். பொனற்றில் பறக்கிற அந்த 'ஏ' எழுத்து இன்னும் பறக்கிறது. முன் சீற் சிவப்பு, டிரைவர் பக்கம் மட்டும் என்னுடைய உருவத்தில் பள்ளம். வலது முன் மட்காட்டில் உங்கள் கலியாண ஊர்வலத்தில் விழுந்த நெளிவு. திரும்பும்போது நீட்டும் இடது கைகாட்டி வெளியே வந்தால் தானாகத் திரும்பிப் போகாது, உங்கள் முருகேசுவைப் போல. பின்பக்கம் வழக்கம்போல் பின்னால் இருக்கிறது.

அக்காவை மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும்.

பணிவுள்ள மச்சான்,
தில்லைநாதன்


வட்டுக்கோட்டை
04.03.1993

அக்கா,

இதை உன் வேலைத்தல விலாசத்துக்கு அனுப்புகிறேன். அத்தான் வாசிக்கக்கூடாது. உனக்குக் கால் உளைவு எப்படி?

அக்கா, காருக்குப் பின்பக்கம் இல்லை.

முந்தின வருட மாரியில் பக்கத்து வளவுச் சீவரத்தினத்தின் பெண்சாதி தங்கமுத்துவுக்கு வலி வந்தது. எங்கள் காரில்தான் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பின்சீற்றில் படுக்கிற நீளம் இல்லை, உனக்குத் தெரியும். மடித்து வைத்துத்தான் கொண்டுபோனோம். றோட்டு இருக்கிற சீரில் இரண்டு மணித்தியாலம் பிடித்தது. தாய் தப்பினாள். பிள்ளை இல்லை.

திரும்பி வந்த அன்று கனிசியஸ் பாஸ் இரும்பு வெட்டும் வாளை எடுத்துக்கொண்டு வந்து, "மாஸ்ரர், வெட்டட்டோ?" என்று கேட்டார். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். முன்சீற்றுக்குப் பின்னால் எல்லாவற்றையும் வெட்டி, தார்ப்பீப்பாத் தகரத்தை அடித்துத் தட்டையாக்கி ஒரு பெட்டி வைத்தார். உள்ளே ஓர் ஆள் நீட்டிப் படுக்கப் பலகை. பின்னால் ஒரு கதவு, கொண்டி. வடிவைப் பற்றிக் கேட்காதே. தேர்ப்பெட்டிக்குக் காரின் மூஞ்சி வைத்த மாதிரி. ஆனால் அராலியிலிருந்தும் சங்கரத்தையிலிருந்தும் ஆட்கள் இதைத்தான் தேடி வருகிறார்கள். கூலி ஒரு போத்தல் மண்ணெண்ணெய், அதுவும் போய்வரத்தான்.

அத்தானிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காருக்கு அவர் கிழமைக்கு ஒருமுறை மெழுகு பூசியவர். உனக்கு வருடத்துக்கு ஒருமுறைதான் சேலை எடுத்தவர். திறப்பு முருகேசுவிடம் போகும், கார் கொட்டிலுக்குள் போகும், எங்கள் ஊர் மறுபடியும் சைக்கிளிலும் லான்ட்மாஸ்ரர் உழவு மெசினிலும் ஆஸ்பத்திரிக்குப் போகும்.

பேசாமல் இரு. நான் முன்பக்கத்தை மட்டும் எழுதிச் சமாளிக்கிறேன்.

உன் தம்பி


ஈஸ்ற்ஹாம்
22.05.1993

தம்பி தில்லைநாதனுக்கு,

அக்காவுக்குக் கால் உளைவு குறைவு. எனக்கு ஒன்றுமில்லை. உங்கள் எல்லோருக்கும் அப்படியே இருக்கட்டும்.

பெயின்ற் கேட்டேன். சிராய் ஒன்று அனுப்பினால் போதும். நீர் அனுப்பியிருப்பது தகரம். தபால் முத்திரை அளவு, நாலு பக்கமும் வாளால் வெட்டியது. ஒரு பக்கம் என் காரின் நிறம். மறுபக்கம் டிக்கிக்குள் அடிக்கும் கறுப்பு. இது எங்கிருந்து வந்தது?

நிறம் சரியாகப் பிடித்துவிட்டேன். மூன்று பச்சையும் ஒரு துளி சாம்பலும் கலந்து, ஐந்து தடவை மெல்லிதாகப் பூசி, ஒவ்வொரு தடவையும் மிக நைசான மணற்கடதாசியால் உரசினேன். கிராதிக்குச் சொக்கிளேற் சுற்றிவரும் வெள்ளித்தாளை வெட்டி ஒட்டினேன். வைப்பருக்கு ஊசிக்கம்பி. இலக்கத்தகட்டை இரண்டு மயிர் மட்டும் உள்ள தூரிகையால் எழுதினேன். கைகாட்டி வெளியே நிற்கிறது, நீர் சொன்னபடி.

நீர் எழுதிய முன்பக்கம் முழுவதும் முடிந்தது. பின்பக்கத்தைப் பற்றி நீர் ஒன்றுமே எழுதவில்லை. ஆகவே அதைத் தொழிற்சாலைப் புத்தகத்தில் உள்ளபடி செய்கிறேன்.

ஒன்றை நினைவில் வையும். காருக்கும் மாதிரிக்கும் வித்தியாசம் இருந்தால் இரண்டில் ஒன்று பிழை. பிழையானதைத் திருத்தவேண்டும். மாதிரியில் பிழையில்லை.

ஆடியில் முருகேசு வந்து காரைப் பார்ப்பார். படமும் தேவை.

இராசநாயகம்


வட்டுக்கோட்டை
30.07.1993

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

உங்கள் நலத்துக்கு இங்கே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். சம்பலும் ஆயிற்று.

தகரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அது மிகவும் சின்னத் தகரம். காரோ மிகவும் பெரியது. எங்கோ ஒரு மூலையில் கனிசியஸ் பாஸ் கிள்ளி எடுத்தார். இடம் எனக்கு மறந்துபோயிற்று. எனக்கு இப்போது எல்லாம் மறக்கிறது. காலையில் கண்ணாடியைத் தேடினேன், மூக்கில் இருந்தது. குணலட்சுமி அரை மணித்தியாலம் தேடவிட்டுப் பிறகுதான் சொன்னாள்.

உங்கள் முருகேசு போன செவ்வாய் சுன்னாகத்திலிருந்து சைக்கிளில் வந்தார். வெயிலில் வந்த மனுசனுக்கு மோர் கொடுத்தோம். கார் எங்கே என்றார். கார் அந்த நேரம் கொஞ்சம் உலாவப் போயிருந்தது. இஞ்சின் விறைக்காமல் இருக்க என்றேன். யார் ஓட்டுகிறார் என்றார். கனிசியஸ் பாஸ் என்றேன். எப்போது வரும் என்றார். மண்ணெண்ணெயில் போன கார் எப்போது வரும் என்று சொல்ல நான் சாத்திரியோ? இரண்டாவது முறையும் மோர் குடித்தார், மூன்றாவது முறை மோர் இல்லை. போகும்போது வேலிக்கு மேலால் சீவரத்தினத்தோடு கதைத்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். சீவரத்தினம் நல்ல மனுசன். அதுதான் எனக்குப் பயம்.

நல்ல செய்தி ஒன்று. பாலேஸ்வரிக்குப் பிள்ளை கிடைக்கப் போகிறது. தை மாதம் என்று மருத்துவிச்சி சொல்கிறா. மருமகன் இப்போதே நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அக்காவிடம் சொல்லவும்.

படம் எடுக்கப் படச்சுருள் தேடுகிறேன். அதுவும் தடை செய்த பொருள்களில் ஒன்று.

தில்லைநாதன்


ஈஸ்ற்ஹாம்
18.09.1993

தில்லைநாதனுக்கு,

பாலேஸ்வரியின் செய்தி கேட்டு இருவரும் மகிழ்ந்தோம். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்.

முருகேசு எழுதியிருக்கிறார். கார் வளவில் இல்லை. அயலார் ஒருவர் அது யாழ்ப்பாணத்துக்குப் போயிருப்பதாகவும், அடிக்கடி போவதாகவும் சொன்னாராம். நீர் காரை வாடகைக்கு ஓட்டுவதாக முருகேசு முடிவு செய்திருக்கிறார். வேறு முடிவுக்கு வர எனக்கும் நீர் இடம் வைக்கவில்லை.

ஸ்ரேஷன் மாஸ்ரராக இருந்த காலம் முழுவதும் சேர்த்த காசில் வாங்கிய கார் அது. அதில் நான் மழைக்காலத்தில் போனதில்லை.

மார்கழிக்குள் படம் வரவேண்டும். வராவிட்டால் தைப்பொங்கலன்று முருகேசு வருவார். திறப்பைக் கொடும்.

இராசநாயகம்


ஈஸ்ற்ஹாம்
20.09.1993

தம்பி,

இது அத்தானுக்குத் தெரியாமல் எழுதுவது. எனக்குச் சுகம். நீ சாப்பிடுகிறாயோ? பாலேஸ்வரிக்குப் பால்மா அனுப்ப ஆள் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் இப்போது சாப்பாடு இல்லை. கார் நிற்கிறது. நாங்கள் மடியில் கோப்பை வைத்துச் சாப்பிடுகிறோம். காய்கிற பெயின்றில் தூசி படும் என்று தாளிக்கவும் கூடாதாம். வேலையால் விடிய வந்து, சப்பாத்தைக் கழற்றாமல், பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு குனிந்துவிடுவார். இந்த ஒன்பது வருடத்தில் இந்த வீட்டில் அவர் சிரித்ததை நான் அந்த மேசையில்தான் கண்டேன். டிக்கிக் கதவு திறந்து மூடுகிற மாதிரிச் செய்து முடித்த அன்று.

அதனால்தான் என்னால் சொல்ல முடியவில்லை. வாய்வரை வருகிறது. நீ வெட்டியது பிழை என்றும் நான் சொல்லமாட்டேன். அவர் கேட்டால் பொய் சொல்லமாட்டேன். கேட்காதவரை இருக்கிறேன்.

தங்கமுத்துவை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


வட்டுக்கோட்டை
06.11.1993

அன்பும் பயமும் உள்ள அத்தானுக்கு,

எல்லோரும் நலம். பாலேஸ்வரிக்குக் கால் வீக்கம். பகிடி விட்டால் எனக்கு வாய் வீங்கும் என்று குணலட்சுமி சொல்லியிருக்கிறாள்.

இத்துடன் படம். ஸ்ரூடியோக்காரன் தன் கடைசிச் சுருளில் கடைசிப் படத்தைத்தான் தந்தான். கறுப்பு வெள்ளை. அதுவும் காலாவதியானது. முந்தின படங்கள் எல்லாம் அடையாள அட்டைக்காக எடுத்த முகங்கள். அதனாலோ என்னவோ காரையும் நேரே முன்னால் நின்று, நாடியை நிமிர்த்தச் சொல்லி எடுத்திருக்கிறான்.

விடிய எழும்பி ஆயத்தம் செய்தோம். கிராதியைப் பழப்புளி போட்டு மினுக்கினோம். சில்லுக் கோப்பைகளைச் சாம்பல் போட்டு மக்டலீன் தேய்த்தா. கனிசியஸ் பாஸ் துருவுக்கு மேல் தேங்காய் எண்ணெய் பூசினார். காருக்கு வைத்த எண்ணெயை எனக்குத் தலைக்குக் கேட்டேன். "மாஸ்ரர், அங்க பூச என்ன இருக்கு?" என்று கேட்டார். குணலட்சுமி சிரித்ததை நான் மறக்கப்போவதில்லை.

பாருங்கள். பறக்கிற ஏ, நெளிந்த மட்காட், வெளியே நிற்கும் கைகாட்டி, இலக்கத்தகடு. எல்லாம் நீங்கள் விட்டபடி. வாடகைக்கு நான் ஓட்டவில்லை, அத்தான். வாடகை கிடைத்திருந்தால் இந்தக் கிழிந்த சேட்டோடா படத்தின் ஓரத்தில் நிற்பேன்?

ஒன்று மட்டும் கேட்கிறேன், பகிடியில்லாமல். முருகேசு வரட்டும். ஆனால் தைப்பொங்கலுக்கு வேண்டாம். பாலேஸ்வரியின் நாள் அதை ஒட்டித்தான். அந்த மாதம் கார் வளவில் நிற்கவேண்டும். மாசியில் திறப்பைத் தருகிறேன்.

தில்லைநாதன்


ஈஸ்ற்ஹாம்
09.12.1993

தம்பி தில்லைநாதனுக்கு,

சுகம். பாலேஸ்வரியின் கால் வீக்கத்துக்கு உப்பைக் குறைக்கச் சொல்கிறா அக்கா.

விஷயத்துக்கு வருகிறேன். படம் கிடைத்தது. முன்பக்கம் என் மாதிரியோடு கம்பிக்குக் கம்பி ஒத்துப்போகிறது.

படம் காலை வெயிலில் எடுத்திருக்கிறீர். வெயில் காரின் இடது பக்கத்திலிருந்து அடிக்கிறது. ஆகவே காரின் நிழல் வலது பக்கம் மணலில் நீளமாக விழுந்திருக்கிறது. நிழலைப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். பொனற் சரி. முன் கண்ணாடி சரி. கூரை தொடங்கும் இடம் சரி. அதன் பிறகு கூரை இறங்கவேண்டும். இறங்கவில்லை. நேராகப் போய், சதுரமாக முறிந்து, கீழே விழுகிறது.

ஏ ஃபோட்டியில் எங்கேயும் மூலை கிடையாது. முழுவதும் வளைவு. உமது காரின் நிழலுக்கு ஒரு மூலை இருக்கிறது.

மேசை லாச்சியை இழுத்து அந்தத் தகரத்துண்டை எடுத்தேன். அதன் பிறகு அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவ எல்லாவற்றையும் சொன்னா. தங்கமுத்துவைப் பற்றியும்.

அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை.

பதினொரு மாதமாகப் பிழையான காரைச் செய்துகொண்டிருந்திருக்கிறேன். பின்வருவனவற்றை அங்குலத்தில் அளந்து எழுதும். பெட்டியின் நீளம், அகலம், உயரம். பலகை நிலத்திலிருந்து எவ்வளவு உயரம். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது. தார்ப்பீப்பாவின் எழுத்து எங்கேயாவது தெரிகிறதா. ஊகித்து எழுதவேண்டாம், அளக்கவும். கனிசியஸ் பாஸ் அளந்தால் நல்லது.

முருகேசுவுக்கு எழுதிவிட்டேன். அவர் வரமாட்டார்.

இராசநாயகம்


வட்டுக்கோட்டை
29.01.1994

அத்தான்,

பாலேஸ்வரிக்குப் பெண் பிள்ளை. பொங்கலுக்கு அடுத்த நாள், பெரியாஸ்பத்திரியில். போகும்போது பலகையில் நீட்டிப் படுத்துக்கொண்டு போனாள். குணலட்சுமி பக்கத்தில். நான் முன்னால் கனிசியஸ் பாஸோடு இருந்து பிள்ளையாரைக் கூப்பிட்டேன், அவர் அந்தோனியாரைக் கூப்பிட்டார். யார் வந்தது என்று தெரியவில்லை, கார் போய்ச் சேர்ந்தது. தாயும் பிள்ளையும் சுகம். மருமகன் மட்டும் ஆஸ்பத்திரி வாசலில் மயங்கி விழுந்து இரண்டு தையல். அவரையும் அதே பலகையில்தான் கொண்டுவந்தோம்.

உங்கள் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆகவே அன்றைக்கு எனக்கு முருகேசு வரமாட்டார் என்று தெரியாது. பொங்கலன்று முழுவதும் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கனிசியஸ் பாஸ் காரின் முகத்தை றோட்டுக்குத் திருப்பி, கம்பியைப் போட்டபடியே வைத்திருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அளவு: பெட்டி நீளம் ஆறடி மூன்று அங்குலம். அகலம் மூன்றடி பத்து. உள்ளுயரம் மூன்றடி ஐந்து. பலகை காரின் தளத்திலிருந்து பதினான்கு அங்குலம், கீழே மண்ணெண்ணெய்க் கான் வைக்க. கதவு இடப்பக்கம் திறக்கும். கொண்டி ஒன்று, பள்ளிக்கூடக் கதவொன்றிலிருந்து வந்தது, எப்படி வந்தது என்று கேட்கவேண்டாம். தார்ப்பீப்பாவின் எழுத்து வலப்பக்கத்தில் தலைகீழாகத் தெரிகிறது. கனிசியஸ் பாஸ் அளந்தார், நான் எழுதினேன். பிழை இருந்தால் எழுதினவனுடையது.

வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. இப்படி எனக்கு ஆனதில்லை, குணலட்சுமி நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள்.

தில்லைநாதன்


ஈஸ்ற்ஹாம்
02.05.1994

தம்பி தில்லைநாதனுக்கு,

பேத்திக்கு அக்கா சட்டை தைத்து வைத்திருக்கிறா. கொண்டுவருபவர் நம்பிக்கையானவர், யாழ்ப்பாணம் வருகிறார். அவரிடம் இன்னொரு பெட்டியும் இருக்கும்.

மாதிரியின் பின்பக்கத்தைச் சின்ன இரும்பு வாளால் வெட்டினேன். டிக்கிக் கதவு, பின்சீற், பின் கண்ணாடி எல்லாம் போயிற்று. அக்கா மற்ற அறைக்குள் போய்விட்டா. மீன் அடைத்து வரும் தகரப்பேணியைத் தட்டி ஒன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் பெட்டி வைத்தேன். தார்ப்பீப்பாவின் எழுத்துக்கு ஒரு கிழமை ஆயிற்று, தலைகீழாக எழுதவேண்டும். பலகை உண்மையான மரம், ஐஸ்பழக் குச்சி. துருவுக்கு இங்கே தேயிலைத்தூள் போடுகிறார்கள், நானும் போட்டேன். கதவு திறக்கும். கொண்டி ஒன்று, வேலை செய்யும்.

கண்காட்சியில் உமது படத்தைப் பக்கத்தில் வைத்தேன். சங்கத் தலைவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, நல்ல மாதிரி ஒன்றைக் கெடுத்துவிட்டீர் என்றார். நிழலைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். பரிசு ஒரு சிவப்பு ஜாகுவாருக்குப் போயிற்று. அதுவும் நல்ல வேலைதான்.

கார் இனி உங்களோடு இருக்கட்டும். கனிசியஸ் பாஸுக்கு என் வணக்கம். வெட்டு நேராக இருக்கிறது.

அத்தான்


வட்டுக்கோட்டை
19.08.1994

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்களும் அக்காவும் நலமாக இருக்க, இந்த முறை குடும்பம் முழுவதும் ஒரே வரியில் கேட்டுக்கொள்கிறது. பேத்திக்குப் பேசத் தெரியாது. அவளுக்காகவும் நானே கேட்கிறேன்.

பெட்டி வந்து சேர்ந்தது. வவுனியாவில் சோதித்த ஆமிக்காரன் காரைத் தலைகீழாகப் பிடித்து, தடை செய்த பற்றறி ஏதும் இருக்கிறதா என்று தேடினானாம். பிறகு பின்கதவைத் திறந்து பலகையைப் பார்த்துவிட்டு, கொண்டியைப் போட்டு மூடிக் கொடுத்தானாம்.

கனிசியஸ் பாஸ் அதைக் கையில் எடுக்கவில்லை. மேசையில் வைத்துச் சுற்றிச் சுற்றி நடந்தார். கடைசியில் குனிந்து, "இது நான் அடிச்ச ஆணி" என்றார். ஆணி ஒன்று கோணலாகப் போயிருந்ததை நான் எழுதவில்லை. படத்திலும் இல்லை. எப்படி வைத்தீர்கள் என்று தெரியவில்லை. தங்கமுத்து வந்து பார்த்தா. கதவைத் திறந்து உள்ளே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, பேத்தியை வாங்கிக்கொண்டு போனா. பின்னேரம்தான் கொண்டுவந்து தந்தா.

முருகேசுவும் வந்தார். இரண்டு கிளாஸ் மோர். தன் கொட்டிலுக்கும் ஒரு கார் செய்து தர உங்களைக் கேட்கட்டாம், பளபளப்பாக. நாற்பத்து மூன்றில் ஒரு கொட்டிலும் பூட்டும் சேர்த்து அனுப்பினால் அவருக்குத் திருப்தியாயிருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது ஒரு கவலையான விஷயம். பங்குனியில் சீவரத்தினத்தைக் குடலிறக்கத்துக்குக் கொண்டுபோனோம். கல்லுண்டாய் வெளியில் ஒரு பெரிய குழி. கொண்டி கழன்று கதவு திறந்து, மனுசன் பலகையோடு அரைவாசி வெளியே வந்துவிட்டார். நாங்கள் ஓடிப்போய்ப் பார்க்கிறோம், வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். "என்ன தம்பி, வந்திட்டமோ?" என்றார். அன்று பின்னேரமே கனிசியஸ் பாஸ் கதவின் மேற்பக்கத்தில் இன்னொரு கொண்டி வைத்தார்.

ஆகவே காரில் இப்போது கொண்டி இரண்டு. உங்களுடையதில் ஒன்று. வருகிற ஆளிடம் அதைத் திருப்பி அனுப்புகிறேன். பம்பரில் பேத்தியின் எச்சில் இருக்கும், சப்பிப் பார்த்தாள், பெயின்ற் கழலவில்லை. வித்தியாசம் இருந்தால் இரண்டில் ஒன்று பிழை என்று நீங்கள்தான் எழுதினீர்கள்.

காரில் பிழையில்லை, அத்தான்.

தில்லைநாதன்